புலம்பல் ஆமை

ஒரு குளத்தின் நடுவே, கோரைப்புல்லுக்குள், நீர்க்கோழி ஒன்று அடைகாத்து வந்தது. சுற்றிலும் ஆழமான தண்ணீர். அதுதான் கூட்டுக்கு வேலி. நரி தினமும் கரைக்கு வரும். கூட்டைப் பார்க்கும், எச்சிலை விழுங்கும், திரும்பிப் போகும்.

அதே குளத்தில் ஓர் ஆமை. வாயைத் திறந்தால் குறைதான். வெயில் சுடுகிறது, தண்ணீர் குளிர்கிறது, பாசி வழுக்குகிறது, தவளை தூங்கவிடவில்லை. கேட்டுக் கேட்டு நீர்க்கோழிக்குக் காது புளித்தது. ‘புலம்பல் ஆமை’ என்று பெயர் வைத்தது. தவளைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு அது யாருக்கும் வெறும் ஆமை இல்லை. புலம்பல் ஆமை வருது, புலம்பல் ஆமை போகுது!

ஒரு நாள் காலை ஆமை கூட்டருகே வந்து தலையை நீட்டியது.

“வெயில் காயலாம்னு கரைக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கேயும் நசநசன்னு ஈரம்! நிம்மதியாப் படுக்க ஒரு இடம் உண்டா?”

“உனக்குக் காஞ்சாலும் குத்தம், நனைஞ்சாலும் குத்தம்!” என்றது நீர்க்கோழி.

“நண்டு கரையைக் குடைஞ்சு வளை போட்டிருக்கு. தண்ணி கசியுது. வந்து பாரேன்.”

“நான் முட்டைமேல உட்கார்ந்திருக்கேன். உன் புலம்பலைக் கேட்க வேற ஆளைப் பாரு தாத்தா!”

தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நண்டு வளைக்குள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது.

“நானா? நான் என்னைக்காவது யாரையாவது குறை சொல்லியிருக்கேனா?”

சொன்னதில்லைதான். தங்கமான பிள்ளை என்று எல்லாரும் நண்டின் பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர்கூடக் கரைப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் நீர்க்கோழி இரை தேடி மேட்டு வயலுக்குப் போனது. வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத் திரும்பியது. வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

குளத்தைக் காணோம்!

நண்டு வளை இருந்த இடத்தில் கரை வாயைப் பிளந்து கிடந்தது. அடியில் சேறுதான் மிச்சம். மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கோரைப்புல் சாய்ந்து கிடந்தது. கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது நரி.

“ஐயோ! என் முட்டை!”

நரி நிமிர்ந்து வாயை நக்கிக்கொண்டது.

“கத்தாதேம்மா. இனிமே கத்தி என்ன ஆகப் போகுது? காலாற நடந்தே வந்தேன்!”

அது போய்விட்டது. கூட்டில் ஓடுகள் மட்டும் கிடந்தன. நீர்க்கோழி கரைப் பக்கம் ஓடியது. நண்டைத் தேடியது. வெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. சேற்றில் ஆமை தனியாக நின்றது.

“பாவி! இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லக் கூடாதா?” என்று நீர்க்கோழி அதன்மேல் பாய்ந்தது.

“சத்தமாச் சொல்லியிருந்தா, வந்து பார்த்திருப்பியா?”

ஆமை தகிக்கிற வெயிலில், கொதிக்கிற சேற்றில் நின்றது. ஒரு குறையும் சொல்லவில்லை. அதைத்தான் நீர்க்கோழியால் தாங்க முடியவில்லை.

குறை சொல்கிறவனுக்குப் பெயர் வைக்கும் முன், அவன் சொன்ன குறையைப் போய்ப் பார்.