கட்டாத ரசம்

பூவலிங்கம் கோயில் கலசங்களுக்குப் பாதரசம் கலந்து பொன்முலாம் பூசுகிறவர். அந்த ரசத்தை நெருப்பில் இறுகக் கட்டி மணியாக்கும் வித்தை மேல் அவருக்குப் பித்து. அதற்காகவே ஆற்றங்கரை மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். குரு சீடனை "அண்ணே" என்று கூப்பிடுவதைக் கேட்டு ஊரே சிரித்தது.

அன்று பூவலிங்கம் தலைகால் புரியாமல் வந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மனைவி வடிவு மாசமாக இருந்தாள். மசக்கையில் மீன் வாடையே ஆகாமல் கிடந்தவள், இன்றுதான் வாய்விட்டுக் கேட்டாளாம்.

"நம்ம ஆத்து மடுவுல புடிச்ச விரால் சாமி. முழங்கை நீளம்! குழம்பு கொதிக்குது."

"நல்லது அண்ணே."

"இத்தனை நாளும் பூனைக்குத்தான் யோகம். வலைக்காரங்க போடுற மீனைத் தின்னுட்டு, கள்ளு குடிச்ச மாதிரி தள்ளாடுது."

அவரே சிரித்துக்கொண்டார். சாமி சிரிக்கவில்லை.

"ரசம் மட்டும் கட்ட மாட்டேங்குது சாமி. எங்க தப்பு பண்றேன்?"

"கட்டாத ரசத்தை என்ன பண்றீங்க?"

"மடுவுல கொட்டிக் கைகழுவிடுவேன். கனமான சரக்குதானே, அடியில கிடக்கும்."

சாமி எழுந்துபோய் மடுவில் இறங்கி, ஒரு கை சேறு அள்ளினார். அதில் ரசம் ஒரு பொட்டுகூட மின்னவில்லை. புழுக்கள்தான் நெளிந்தன. கையைத் தண்ணீருக்குள் விட்டதும் அயிரைகள் வந்து புழுக்களைக் கொத்தின. எங்கிருந்தோ ஒரு விரால் பாய்ந்தது. அயிரைகளில் பாதியைக் காணோம்.

"குழம்பு கொதிக்குதுன்னு சொன்னீங்க இல்ல?" என்றபடி சாமி ஈர வேட்டியோடு பூவலிங்கத்தின் வீட்டுக்கு நடந்தார். ஓட்டமும் நடையுமாகச் சீடர் பின்னால் போனார்.

வாசலில் பூனை சுவரில் முட்டி விழுந்தது. உள்ளே வடிவு சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா, கையை எடுங்க."

அவள் பயந்துபோய்க் கையை எடுத்தாள். பூவலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமி! ஆசையாக் கேட்டா. அவ வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"ரசம் கட்டலைன்னு சொன்னீங்களே அண்ணே?"

"இப்ப எதுக்கு அது?"

"கட்டியிருக்கு. உங்க நெருப்புல இல்ல, இந்த மீனோட சதையில. அடுத்து எங்க கட்டணும், நீங்களே சொல்லுங்க."

பூவலிங்கத்தின் பார்வை வடிவின் வயிற்றுக்குப் போனது. அவள் முன்னாலிருந்த தட்டைத் தாமே எடுத்து அப்பால் வைத்தார்.