தட்டிக்குப் பின்னால் வெந்த கஞ்சி

மழை பொய்த்த வருஷம் அது. ஊரில் ஒருவரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று நெல்முடி ராஜா நல்லமருதர் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தினம் பத்து மூட்டை அரிசி கொடுத்தார். அதை வாங்கிக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் பொறுப்பு சொக்கநாயகம் நடத்திய தருமச் சங்கத்துக்கு.

சொக்கநாயகம் சமையல் கொட்டகையைச் சுற்றி உயரமாகத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டிவிட்டார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பேச்சி என்ற கைக்குழந்தைக்காரி பார்த்துவிட்டாள். அன்றோடு அவளுக்குக் கஞ்சி கிடையாது என்று விரட்டிவிட்டார்கள். தாய்க்குப் பால் வற்றினால் பிள்ளை என்ன ஆகும்? நினைத்தாலே பதறுகிறது. பேச்சி நேரே அரண்மனைக்கு வந்து நின்றாள்.

"கஞ்சி குடிக்கக் குனிஞ்சா என் முகந்தான் தெரியுது, மகாராஜா. அரிசி எங்கே போகுதுன்னு பார்த்தது தப்பா?"

ராஜா சொக்கநாயகத்தை வரவழைத்துக் கேட்டார். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தரும அடுப்பை நாலு பேர் பார்த்தால் கண் பட்டுவிடும், உலையே கொதிக்காது என்றார். கண்ணேறு என்றாலே ராஜாவுக்குப் பயம். தட்டி இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மந்திரி அம்பலக்கூத்தர் எழுந்து, சொக்கநாயகம் சொல்வது முழுக்கச் சரி என்றார். பேச்சிக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆனால் மகாராஜா, புதுசாக வீடு கட்டுகிறவன் வீட்டையா மூடி வைக்கிறான்? வாசலில் ஒரு திருஷ்டி பொம்மை கட்டுகிறான். எல்லார் கண்ணும் அதோடு போய்விடுகிறது. தட்டியைப் பிரித்துவிட்டு நாமும் பொம்மை வைப்போம்."

வைக்கோல் பொம்மை ஒரு வீட்டுக்குத் தாங்கும், ஊர் அடுப்புக்குத் தாங்காது என்று சொக்கநாயகம் அவசரமாக மறுத்தார்.

"அதுவும் சரிதான். பெரிய அடுப்புக்குப் பெரிய மனுஷர் வேண்டும். நாளையிலிருந்து நீங்களே நில்லுங்கள், ஐயா. முகத்தில் கரி, கன்னத்தில் சுண்ணாம்புப் பொட்டு. நாக்கை மட்டும் நன்றாக வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். தருமத்துக்காகத்தானே?"

நல்ல யோசனை என்று ராஜா அப்போதே கரி கொண்டுவர ஆள் அனுப்பிவிட்டார். சட்டி நிறையக் கரி வந்து இறங்கியதும் சொக்கநாயகம் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் மகாராஜா. யோசித்துப் பார்த்தால், கஞ்சிக்கெல்லாம் கண் படாது."

அம்பலக்கூத்தர் நிதானமாக உட்கார்ந்தார். "படாதா? அப்போது தட்டி எதற்கு?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அன்று மத்தியானமே தட்டியைப் பிரித்தார்கள். பின்னால் பிரிக்காத மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. கொண்டுவந்த கரியும் வீணாகவில்லை. வந்தது எத்தனை மூட்டை, உலையில் விழுந்தது எத்தனை என்று தெருச்சுவரில் தினமும் எழுதச் சொல்லி, அதைச் சொக்கநாயகம் கையிலேயே கொடுத்தார் ராஜா. மந்திரிக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிப் போட்டார்.

மறுநாள் கஞ்சி ஊற்றும் இடத்துக்கு ராஜாவே வந்தார். எப்படி இருக்கிறது என்று பேச்சியைக் கேட்டார்.

அவள் கலயத்துக்குள் குனிந்து பார்த்தாள்.

"இன்னைக்கு என் முகம் தெரியலை, மகாராஜா."