கனி போட்ட கோடு

பெர்பெத்துவா டீச்சரை இசக்கியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வியாழக்கிழமை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், வகுப்புத் தரையில் உட்கார்ந்து டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பில் கனி என்று ஒரு பிள்ளை. அவள் அப்பா அன்று நாலு மணிக்கு வருகிறார். மகள் தன் பெயரை எழுதவில்லை என்றால் இனி அனுப்பமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கனியோ பென்சில் பட்டாலே கையை உதறுகிற பிள்ளை.

இசக்கியப்பன் ஊரெல்லாம் கடைப் போர்டு எழுதியவர். இங்கே புதிதாக வந்து டீச்சரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார். கனியின் விரல்களுக்குள் பென்சிலைத் திணித்து, மேலே தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்து, பெயரை எழுதவைத்தார். அவள் அழவில்லை. இன்னொரு கையைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தாளைப் பார்த்தார்.

“அழகா இருக்கே. பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க்கடைப் போர்டு மாதிரி.”

“அது நான் எழுதுனதுதான் டீச்சர்.”

“இதுவுமா?”

இசக்கியப்பன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நாலு மணிக்கு வாராரு டீச்சர். வேற என்னத்தச் செய்ய?”

டீச்சர் கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டை மேசையில் புதுத் தாளைப் போட்டு, தன்பாட்டுக்குக் கோடு இழுக்க ஆரம்பித்தார். கனி முன்னும் பின்னும் ஆடியபடி ஜன்னலைப் பார்த்தாள். இசக்கியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து, கனியின் கை வந்து டீச்சரின் புறங்கைமேல் உட்கார்ந்தது. எடுத்தாள், டீச்சர் கை நின்றது. வைத்தாள், நகர்ந்தது. மறுபடி எடுத்தாள், வைத்தாள். கடைசியில் பென்சிலை அவளே பிடுங்கினாள். ஒரே கோடு. கோணலாக ஓடி, தாளைத் தாண்டி மேசையிலும் ஏறியது.

வாசலில் வண்டி நின்ற சத்தம்.

“பேரு எழுதிட்டாளா சார்?” என்றார் கனியின் அப்பா.

இசக்கியப்பனின் கை சட்டைப் பைக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மேசைமேல் இருந்த தாளை எடுத்து நீட்டினார்.

“கனி போட்ட கோடு.”

“கோடுதானா?”

“அவளே போட்டது.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளையும் எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டார்.

“பையில இருந்ததக் குடுத்திருந்தா பிள்ளை இங்கயே இருந்திருக்கும்லா டீச்சர்?”

“இருந்திருக்கும். கையக் கடிச்சிக்கிட்டு.”

“நாளைக்கு வந்தாள்னா?”

“உங்க கைய அவ கைக்கு அடியில வச்சிக்கிட்டு இருங்க.”

“வரலைன்னா?”

“அப்பவும்.”

அன்று ராத்திரி டீச்சர் தவறிப்போனார். அடக்கம் முடிந்து பள்ளி திறந்த அன்று, கனியை அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். தாளைத் திருப்பித் தரவில்லை.

தாளுக்கு வெளியே போன கோடு மேசையில் இருக்கிறது.