ஓடைக் கல்லுக்குப் போட்ட மாலை

வழுக்கோடைக் காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. அதில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தட்டையான கற்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. முயலும் கீரியும் முள்ளம்பன்றியும் அவற்றின்மேல் கால் வைத்துத்தான் போய் வந்தன. எல்லாரையும்விட அந்தக் கற்கள், முயல் அளவே இருக்கும் சருகுமானுக்குத்தான் உயிர். இரை தேடுவது இந்தக் கரையில், குட்டியை ஒளித்து வைத்திருப்பது அந்தக் கரைப் புதரில். பால் கொடுக்கப் போக வேறு வழி கிடையாது.

காட்டுக்கு ஓர் உறுப்பினரும் இருந்தார். கருமந்தியார்! மலை உச்சியில் கூடும் பெரிய சபையில் வழுக்கோடைக் காட்டின் சார்பாக உட்கார்ந்திருப்பவர். உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும்தான் நிச்சயம். வேறு ஏதாவது செய்தாரா என்று கேட்டால் அவருக்கே நினைவிருக்காது. ஓடைக் கற்களில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எதற்கு வைக்க வேண்டும்? கிளையைப் பிடித்து ஒரு தாவு தாவினால் அக்கரை!

சபைக்கு விடுமுறை விட்டார்கள். உடனே மைனா மரத்துக்கு மரம் பறந்து கத்தியது.

"வருகிறார்! நம் உறுப்பினர் வருகிறார்! ஒரு வாரம் முழுக்க நம் காட்டில் சுற்றுப்பயணம்! குளத்துக்குக் கரை, உப்பு மண்ணுக்குப் பாதை, மழைக்கு ஒதுங்கக் குகை, ஓடைக்குப் பாலம்! எல்லாவற்றுக்கும் முதலீடு வருகிறது!"

"முதலீடுன்னா என்னது?" என்று முயல் கேட்டது.

"வந்தா தெரிஞ்சுக்குவே!" என்றது மைனா. அதற்கும் தெரியாது.

முதல் நாள் குளக்கரையில் கூட்டம். கருமந்தியார் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கொன்றைப் பூ மாலை தயார். மஞ்சள் கிழங்கு தயார். அடிக்கல்லைத்தான் காணோம்!

"கல் இல்லாமல் அடிக்கல் நாட்டு விழாவா? என்னய்யா ஏற்பாடு இது!" என்று சீறினார் கருமந்தியார்.

காட்டுப்பன்றி முன்னால் ஓடி வந்தது. குளத்துக்குக் கரை கட்டும் வேலையை அதற்கே தருவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் அதன் கால் தரையில் பாவவில்லை.

"ஓடையில நல்ல தட்டக் கல்லு கெடக்குதுங்கய்யா! ஒண்ண உருட்டிட்டு வரட்டுமா?"

"கேட்டுக்கொண்டு நிற்கிறாயே, ஓடு!"

கல் வந்தது. மஞ்சள் பூசினார்கள். மாலை போட்டார்கள். அத்தனை விலங்குகளும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டன. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் பூசி மாலை போட்ட கல்லை அப்புறம் யாரும் அசைக்கக் கூடாது, கால் படக் கூடாது. காலையில் மிதித்துத் தாண்டிய கல் மத்தியானம் சாமியாகிவிட்டது. அந்தச் சாமியின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் கருமந்தியார் சொற்பொழிவு ஆற்றினார். அவர் கால் மட்டும் படலாம் போலிருக்கிறது!

மறுநாள், விலங்குகள் நக்கித் தின்னும் உப்பு மண் மேட்டில் விழா. அதற்கு ஓடையிலிருந்து இன்னொரு கல். அடுத்த நாள் குகைக்கு. அதற்கடுத்து வேறெதற்கோ. மாலை மட்டும் அதே மாலை. விழா முடிந்ததும் மைனா கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த விழாவுக்குப் பறந்துவிடும். போகிற இடமெல்லாம் கைதட்டல், பழத் தட்டு, "எங்கள் உறுப்பினர் வாழ்க!" கரை எழவில்லை, பாதை எழவில்லை. ஒரு கூடை மண்கூட விழவில்லை. கற்கள் மட்டும் ஓடையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன.

இது முதலில் யார் கண்ணில் பட்டது? சருகுமான் கண்ணில்தான். ஒவ்வொரு நாளும் அது தாண்ட வேண்டிய இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பின்னங்கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, எப்படியோ கரையேறியது. நனைந்த உடம்போடு நேரே கூட்டத்துக்குள் போய் நின்றது.

"அய்யா, ஓடையில கல்லு கொறையுது! இப்படியே எடுத்தா நான் எப்படி எம்புள்ளகிட்டப் போறது?"

கருமந்தியார் சிரித்தார். "அம்மா, பாலமே வரப்போகிறது! இனிமேல் இந்தப் பழைய கல் எதற்கு?"

"பாலம் வர்ற வரைக்கும்?"

கருமந்தியார் பழத் தட்டுப் பக்கம் திரும்பினார். பதில் கூட்டத்திலிருந்து வந்தது!

"ஏம்மா, நல்லது நடக்கும்போது குறுக்கே நிக்கிறியே!" என்றது கீரி.

"உனக்கு வளர்ச்சி பிடிக்கலைன்னா சும்மா இரு அக்கா!" என்றது முயல். அந்த முயலும் அதே கல்லில்தான் தினமும் ஓடையைத் தாண்டியது. அதை நினைக்கும்போது எனக்குக் கருமந்தியார் மேல் வருகிற கோபத்தைவிட முயல் மேல்தான் அதிகம் வருகிறது.

சருகுமான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது.

கடைசி நாள் வந்தது. ஓடைக் கரையில் பாலத்துக்கு அடிக்கல். பெரிய விழா! பெரிய விழாவுக்கு ஒரு கல் போதுமா? மேடையே கட்ட வேண்டும் என்றார் கருமந்தியார். ஓடையில் மிச்சமிருந்த கற்கள் அத்தனையையும் காட்டுப்பன்றி பெயர்த்து, கரையில் அடுக்கி, மேடை கட்டிக் கொடுத்தது. அதற்கும் மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். சருகுமான் அந்த நேரத்தில் தூரத்து அத்தி மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. காலையில் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்ததுதான்.

மலைமேல் மழை பிடித்தது. ஓடை சிவந்து, நுரை தள்ளிக்கொண்டு வந்தது. சருகுமான் அலறி அடித்துக்கொண்டு ஓடி வந்தது. ஓடையில் ஒரு கல்கூட இல்லை! அக்கரைப் புதருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து குட்டி கத்தியது.

மேடைமேல் கருமந்தியார் முழங்கிக்கொண்டிருந்தார். "இந்த ஓடையைக் கடக்க நீங்கள் படும் துன்பம் எனக்குத் தெரியும்! அதனால்தான்..."

"அய்யா!" சருகுமான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. "எம்புள்ள அக்கரையில கெடக்கு! நீங்க ஒரு தாவு தாவினா போதும்! தூக்கிட்டு வந்து குடுத்துடுங்க!"

"பார் அம்மா, நான் எல்லாருக்கும் உறுப்பினர். ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? தவிர, நல்ல நேரம் முடியப் போகிறது."

"அப்ப கல்லையாவது குடுங்க!"

"மாலை போட்ட கல்லையா!" என்று கூட்டம் பதறியது. "கால் படக் கூடாது! பாவம் வந்து சேரும்!"

சருகுமான் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அந்தக் காடு நினைத்ததில்லை.

"அவரு எதுமேல நிக்கிறாரு? கண்ணு தெரியலையா உங்களுக்கு? அவரு கால் படலாம், எம்புள்ள கால் படக் கூடாதா? அந்தக் கல்லு அவரு கொண்டு வந்ததா? காலையிலகூட நாம நடந்த கல்லு! நம்ம கல்ல எடுத்து, நமக்கே நட்டு, நம்மையே கும்பிட வெச்சிருக்காரு! நீங்களும் கைதட்டுறீங்க! வெக்கமா இல்ல?"

குட்டி மறுபடியும் கத்தியது. இப்போது அது எல்லார் காதிலும் விழுந்தது.

காட்டுப்பன்றிதான் முதலில் அசைந்தது. வெள்ளத்தில் குதித்து நீந்தப் பார்த்தது. வெள்ளம் அதைப் புரட்டிக் கரையிலேயே எறிந்தது. எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நேரே மேடைக்குப் போனது. அடிக்கல்லுக்குக் கீழே மூக்கை நுழைத்தது.

"ஏய்! என்ன செய்கிறாய்? உனக்குக் குளத்துக் கரை வேலை வேண்டாமா?"

"வேணாம்!" என்று ஒரே நெம்பு நெம்பியது.

கருமந்தியார் கல்லில் கிடந்த மாலையோடு சேற்றில் குப்புற விழுந்தார். எழுந்து, சூழ்ந்து நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். வாலைச் சுருட்டிக்கொண்டு கிளைக்கு ஏறினார். ஒரே தாவு! ஓடையைத் தாண்டினார். குட்டி கத்திக்கொண்டிருந்த புதருக்கு மேலேயே பாய்ந்து போனார். நல்ல நேரம், சலுகை என்று சொல்லித் தாவ மறுத்தவர், தன் தோலுக்கு ஆபத்து என்றதும் எவ்வளவு அழகாகத் தாவினார்! குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதைப் பார்த்த பிறகு அந்தக் காட்டில் ஒருவரும் சும்மா நிற்கவில்லை. பன்றி கல்லை உருட்டியது. முள்ளம்பன்றி முட்டுக் கொடுத்தது. ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் நின்று அடுத்த கல்லைத் தள்ளினார்கள். எட்ட எட்டப் போட்டும், மேடைக் கற்கள் தீர்ந்தபோது இன்னும் ஒரு கல் தேவைப்பட்டது. முயல்தான் முதலில் குளக்கரைக்கு ஓடியது. அங்கே மஞ்சளோடு கிடந்த கல்லைக் கீரியும் அதுவுமாக உருட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் பட்டதும் மஞ்சள் கரைந்து போனது. பழைய ஓடைக் கல்தான்!

சருகுமான் அதன்மேல் ஒரு கால் வைத்து அக்கரைக்குப் பாய்ந்தது. கழுத்தளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்பியது. கரையேறியதும் குட்டியை நக்கிக் காய வைத்தது. முயல் தூரத்தில் நின்றது, பக்கத்தில் வரத் துணியவில்லை.

அடுத்த விடுமுறையில் மைனா மறுபடியும் வந்தது. "வருகிறார்! பாலத்தைத் திறந்து வைக்க வருகிறார்!"

"எந்தப் பாலத்தை?" என்றது பன்றி.

"அதுதான், ஓடையில் கல் பாலம்! என் தொகுதியில் ஒரே வாரத்தில் கட்டி முடித்தேன் என்று சபையில் பேசினாரே! எல்லாரும் கைதட்டினார்களே!"

சருகுமான் முன்னால் வந்தது. பக்கத்தில் குட்டியும் நின்றது.

"வரச் சொல்லு. ஆனா மரம் வழியா வரக் கூடாது. மழைக்காலத்துல, வெள்ளம் ஓடுறப்ப, இந்தக் கல்லுமேல நடந்து வரச் சொல்லு. வந்து சேந்தா நாங்களே மாலை போடுறோம்."

கருமந்தியார் இன்றுவரை அந்தப் பக்கம் வரவில்லை.

அடிக்கல்லுக்கு மாலை போடும் முன், அந்தக் கல் எங்கிருந்து பெயர்க்கப்பட்டது என்று கேளுங்கள். கேட்காமல் கைதட்டினால் புதியது வராது, கையில் இருந்ததும் போய்விடும்.