செத்தவர் கேட்ட திருத்தம்

தேனியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சோலையப்பன் ஒரு திங்கட்கிழமை செத்துப்போனார். செத்தது பேப்பரில் மட்டும்தான். யாருக்கோ வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் இவர் படம்! போன மாதம் மகள் கல்யாண வாழ்த்து விளம்பரத்துக்கு இவர் கொடுத்திருந்த படம் அது. ஒரே நாளில் துணியெல்லாம் வேறு வண்டிக்குப் போய்விட்டது.

திருத்தம் கேட்டுப் போனார். பேப்பர் முதலாளி ஆதிமூலம் சீறினார். "நாப்பது வருஷத்துல எங்க பேப்பர்ல திருத்தமே வந்ததில்ல. உனக்குப் போட்டா ஊரே வந்து நிக்கும். போய்யா!"

"சரிங்க முதலாளி" என்ற சோலையப்பன், துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த மாலையை வீட்டிலிருந்து எடுத்துவந்து கழுத்தில் போட்டுக்கொண்டு, விளம்பரம் வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் கல்யாணப் படத்தோடு வந்த ஒருவர், "என்னண்ணே, மாலையும் கழுத்துமா?" என்று கேட்டார்.

"நானும் இங்கதாண்ணே படம் கொடுத்தேன்" என்று பேப்பரை விரித்துக் காட்டினார்.

வந்தவர் படத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே.

ஆதிமூலம் ஓடிவந்தார். "எந்திரிய்யா! திருத்தம் போடறேன். என்ன எழுதணும், சொல்லு."

"சோலையப்பன் உயிரோடு இருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, இஸ்திரி வண்டியில், காலை ஆறு மணி முதல்."

ஆதிமூலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், இது விளம்பரமாச்சே!"

"நான் செத்துட்டேன்னு நீங்க சொன்னா ஊரு உடனே நம்புது முதலாளி. உயிரோட இருக்கேன்னா நேர்ல பாக்காம நம்ப மாட்டேங்குது. விலாசம் வேணாமா?"