கிச்சிலி தோண்டிய குட்டி அறை

ஏரிக்கரை வயல் வரப்பில் எலிகள் கூட்டமாகக் குடியிருந்தன. அந்த எலிகளுக்கு ஒரு பழக்கம். எதிரே யார் வந்தாலும் மூக்கோடு மூக்கை உரசித்தான் நலம் விசாரிக்கும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். வரப்பு மொத்தமும் ஆளுக்கொரு நெற்கதிரோடு அந்த வளைக்குள் நுழைந்துவிடும். படுத்திருப்பவரின் மூக்கை ஒவ்வொருவராக உரசிவிட்டுத்தான் திரும்பும். பார்க்க வராதவர்களோடு அடுத்த அறுவடைவரை யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அந்த வரப்பில் கிச்சிலி என்றொரு தாய் எலி இருந்தாள். அவள் புருஷன் வரப்பன், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். பிள்ளைகள் மூன்று. கடைக்குட்டி தினைக்குப் பிறந்ததிலிருந்தே பூஞ்சை உடம்பு. நாலடி ஓடினாலே மூச்சு வாங்கும். அவள் முதுகில் காதை வைத்து மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிச்சிலி தூங்கவே போவாள்.

ஒரு நாள் அக்கரையிலிருந்து வந்த கொக்கு ஒரு சேதி சொன்னது. அங்கே வளைகளில் புதுசாக ஓர் இருமல் காய்ச்சல் பரவுகிறதாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அத்தனை பேரும் படுத்துவிடுகிறார்களாம். முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள், நெஞ்சில் பலமில்லாதவர்கள் சிலர் எழவே இல்லை என்றது. இங்கேயும் வருமா என்று கிச்சிலி பயந்துபோய்க் கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கொக்கு மீன் பார்க்கப் போய்விட்டது. அதற்கென்ன, வளையா வாசலா!

கிச்சிலி அன்றைக்கே மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். வளைக்குள் ஓர் ஓரமாகத் தனி அறை ஒன்று தோண்டி, காற்று வர மேலே துவாரம் விட்டாள். காலி நத்தை ஓடுகளைப் பொறுக்கி வந்து தண்ணீர் நிரப்பி அடுக்கினாள். வெளியே தலைகாட்டாமல் வீட்டோடு கிடந்தாலும் வயிறு காயாதபடி நெற்கதிர் சேர்த்தாள். இருமும்போது வாயை மூடிக்கொள்ளப் பூவரச இலை பறித்து வைத்தாள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனிமேல் யார் மூக்கையும் உரசக் கூடாது, வாலால் தரையில் ரெண்டு தட்டு தட்டினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. நாள் முழுக்க டப் டப் என்று தட்டி வீடெல்லாம் புழுதியைக் கிளப்பினார்கள்.

வரப்பு முழுக்க இதே பேச்சு. வரப்பனின் அக்கா சம்பா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். காய்ச்சல் கிளம்பவே இல்லை, என் தம்பி பெண்டாட்டி அதற்குள் பாய் விரித்துவிட்டாள் என்றாள். வரப்பனும் தன் பங்குக்கு அறைக்குள் தலையை விட்டுப் பார்த்து, இவ்வளவு சின்ன அறை எந்த மகாராணிக்கு என்று கிண்டல் செய்தான்.

"தினைக்குத்தாங்க" என்றாள் கிச்சிலி. "அவளுக்கு வந்துட்டா தனியா வச்சுப் பார்த்துக்கணும். என் புள்ளையோட மூச்சு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு மறுபடியும் மண்ணைப் பறிக்கத் திரும்பினாள். வரப்பன் அதோடு சிரிப்பை நிறுத்தினான். அவள் பறித்த மண்ணை வெளியே தள்ளுவது அவன் வேலையாயிற்று.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வளையில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். அக்கரைச் சொந்தமெல்லாம் வைக்கோல் படகில் வந்து இறங்கியது. கிச்சிலி வாசலிலேயே நின்று வாலைத் தட்டினாள். பிள்ளை பெற்றவளின் முகம் வாடிப்போயிற்று. என் குழந்தையைக் கொஞ்ச மாட்டீர்களா அக்கா என்பதுபோலப் பார்த்தாள். கிச்சிலிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போனாள். குழந்தையைக் கொஞ்சினாள். வந்திருந்தவர்கள் மூக்கை நீட்ட, தன் மூக்கையும் நீட்டினாள். பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவள்தான், என்ன செய்வது? அவளும் அந்த வரப்பில் பிறந்தவள்தானே.

காய்ச்சல் அவளுக்குத்தான் முதலில் வந்தது.

இருமல் தொடங்கியதும் கிச்சிலி ஒரு பூவரச இலையை வாயில் வைத்துக்கொண்டு நேரே அந்தத் தனி அறைக்குப் போனாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அறை குட்டித் தினையின் அளவுக்குத் தோண்டியது. வீட்டில் எல்லாருக்கும் யோசித்தவள் தன்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. உடம்பை ஒடுக்கிச் சுருட்டி எப்படியோ உள்ளே நுழைந்தாள். வால் மட்டும் அடங்கவில்லை. அது நடையில் நீட்டிக்கொண்டு கிடந்தது.

வரப்பன் ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு சுதாரித்துக்கொண்டான். எல்லாம்தான் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததே. நத்தை ஓட்டுத் தண்ணீரையும் உரித்த நெல்லையும் அறை வாயில் வைப்பான். போகும்போது இலையால் மூக்கை மூடிக்கொள்வான். வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவுவான். வேறு யாரும் கிட்டே போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டான்.

தினை அம்மாவிடம் போகணும் என்று அழுது தீர்த்தாள். முடியாது என்று தெரிந்ததும் அம்மாவின் வாலிலிருந்து தள்ளியே உட்கார்ந்து, தன் வாலால் டப் டப் என்று தட்டினாள். அந்தப் பக்கம் அம்மாவின் வாலும் மெல்ல எழுந்து டப் டப் என்று தட்டியது. அப்புறம் தினை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. சாப்பாடுகூட அங்கேதான்.

ஒரு நாள் காலையில் தினை தட்டினாள். பதில் இல்லை. திரும்பத் தட்டினாள். வால் அசையாமல் கிடந்தது. உள்ளேயிருந்து இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. வரப்பன் கலங்கிப்போனான்.

சம்பா அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரப்பே கதிரும் கையுமாக நின்றது. ஏற்கெனவே காய்ச்சல் கண்ட வேறு வளைகளுக்கும் போய் மூக்கை உரசிவிட்டு வந்திருந்தார்கள். வரப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"தள்ளு தம்பி, அவளை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறோம்" என்றாள் சம்பா.

"வேண்டாம்க்கா."

"என்னடா வேண்டாம்? உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்! என்னையே வாசல்ல நிறுத்துறியா?"

வரப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கிச்சிலி பிழைக்காமல் போனால் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவாளே என்று நெஞ்சு பதறியது. வழிவிட்டுவிடலாமா என்றுகூட ஒரு காலை நகர்த்தினான். திரும்பிப் பார்த்தான். நடையில் தினை உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்க வாலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள விட்டா என் புள்ளைக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. என்னை என்ன வேணா சொல்லிக்கோ" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாலால் ரெண்டு தட்டு தட்டினான்.

சம்பா கதிரை வாசலில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

பொழுது சாயும்வரை தினை தட்டிக்கொண்டே இருந்தாள். உடம்பு ஓய்ந்தாலும் வால் ஓயவில்லை அந்தப் பிள்ளைக்கு. கடைசியில் நடையில் கிடந்த அந்த வால் லேசாக அசைந்தது. ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. வரப்பன் உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதற்குள் வரப்பில் பாதி வளைகள் இருமத் தொடங்கின. சம்பாவும் வீட்டோடு படுத்துவிட்டாள். அவள் வளையில் தண்ணீரும் இல்லை, கதிரும் இல்லை. நலம் விசாரிக்க நடையாய் நடந்தவளைப் பார்க்க வர இப்போது யாருக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. வரப்பன்தான் தினமும் நத்தை ஓட்டில் தண்ணீரும் கொஞ்சம் நெல்லும் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தான். வைத்துவிட்டு விலகி நின்று டப் டப் என்று தட்டினான். முதலில் உள்ளே சத்தமே இல்லை. கோபமோ, காய்ச்சலோ, அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த நாளும் போனான். அன்றைக்கு உள்ளேயிருந்து ரெண்டு தட்டு கேட்டது.

காய்ச்சல் ஓய்ந்தது. கிச்சிலி எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள். முதல் வேலையாகத் தினையின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். மூச்சு சீராக இருந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை.

ஒரு நாள் சம்பா வந்தாள். நேரே போய் அந்தக் குட்டி அறைக்குள் தலையை விட்டு மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள். என்ன மதினி செய்கிறீர்கள் என்று கிச்சிலி பதறினாள்.

"அடுத்த தடவை வந்தா நீயும் காலை நீட்டிப் படுக்க வேண்டாமாடி? வாலும் உள்ளே அடங்கற மாதிரி நீளமாத் தோண்டிடறேன்" என்றாள் சம்பா.

தினை ஓடிவந்து அவளை மறித்தாள்.

"அறையைப் பெருசாக்குங்க அத்தை. ஆனா அம்மா வால் மட்டும் வெளியவே இருக்கட்டும்."

உயிருக்கு உயிரானவர்களுக்காக நோய் வரும் முன்பே ஆயத்தம் செய்வதும் அன்புதான், வந்த பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு தள்ளி நிற்பதும் அன்புதான்.