மெலிந்த ஏரி

கூடலேரிக் கரையில் வடிவம்மையின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, வாசலில் நாலு வேப்பமரம். வடிவம்மைக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய சீடர் ஏகாம்பரம் அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணுக்குச் சீடனா என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். இருவருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏகாம்பரத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கண்ணை மூடித் தியானத்தில் இருக்கும்போதும் கால் விரல்கள் ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் தவிப்பை எல்லாம் அவர் ஒரே வேலையில் கொட்டியிருந்தார். தாலுகாவின் வரலாற்றை எழுத வேண்டும் என்று, வெள்ளைக்காரன் காலத்து நில அளவை வரைபடங்களை அலைந்து திரிந்து சேர்த்தார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த படங்கள். குளம், கோயில், கிணறு, பனந்தோப்பு, ஒற்றையடிப் பாதை, எதையும் விட்டிருக்க மாட்டார்கள். தாள் தாளாகக் கிடந்ததைத் துணிமேல் ஒட்டி, ஒரே படமாக்கி, மடத்துக் கூடத்துச் சுவரில் மாட்டினார். பார்க்க வந்தவர்கள் அசந்து போனார்கள்.

வடிவம்மை மட்டும் முதல் நாளே கேட்டார்.

"நம்ம ஏரி கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இல்லை?"

"அந்தக் காலத்துல சின்னதா இருந்திருக்கும்மா."

பேச்சு அதோடு நின்றது.

இது நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் கன்னிமேட்டுக்கு ஆபத்து வந்திருந்தது. இருளர்கள் குடியிருக்கும் சின்ன இடம் அது. நேற்று முளைத்த ஆக்கிரமிப்பு என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி ஏகாம்பரத்தின் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதில் கன்னிமேடு இருக்கிறதா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஏகாம்பரம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். இல்லை. இல்லை என்றே சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை படத்தோடு நேரில் வந்து அதைச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மடத்துக்கு வந்தார். வடிவம்மை மடியில் ஒரு கட்டம் போட்ட துணியை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க."

ஏகாம்பரம் உட்காரவில்லை. ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார்.

"அம்மா, நான் பொய் சொல்லலை. படத்துல இல்லாததை இல்லைன்னேன். உண்மையைச் சொன்னவனுக்கு நிம்மதி வரணும். எனக்கு ஏன் வரலை?"

வடிவம்மை பதில் சொல்லுமுன் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். கன்னிமேட்டுக் கன்னியப்பன். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உள்ளே வாங்க கன்னியப்பன்."

"இருக்கட்டும்மா. ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்." ஏகாம்பரத்தைப் பார்த்தார். "எங்கப்பன் பொறந்தது அங்கதாங்க. அவரோட அப்பனைப் பொதைச்சதும் அங்கதான். ஆனா எங்ககிட்ட ஒரு காயிதம் இல்ல. நீங்க எங்களுக்காகப் பேச வேணாங்க. திங்கக்கெழமை வராம மட்டும் இருந்துடுங்க."

ஏகாம்பரத்தின் முகம் சுருங்கியது.

"நான் வராட்டியும் படம் இருக்கேப்பா. அதுல இல்லையே."

"எங்க கன்னிமார் கல்லுக்கு முன்னாடியேதானே பாதை போவுது? அளக்க வந்தவரு அதைப் பார்க்காமலா போயிருப்பாரு?"

ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னியப்பன் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். போகவும் மனசில்லை, இருக்கவும் மனசில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

வடிவம்மை மடியிலிருந்த துணியை எடுத்து ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"சமையல்கார சபாபதிக்குப் புது லுங்கி. மூட்டிக் கொடுங்க."

"இப்பவா அம்மா?"

"இப்பத்தான். கட்டம் கட்டத்தோட சேரணும். சபாபதி அதையெல்லாம் பார்ப்பாரு."

நான் என்ன கேட்டேன், இவர் என்ன சொல்கிறார் என்று ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்காரன் துணியைக் கோணலாக வெட்டியிருந்தான். இரண்டு ஓரத்தையும் அப்படியே வைத்தால் கட்டம் சேரவில்லை. ஒரு பக்கத்தை உள்ளே தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். சேர்ந்தது. அதன்பிறகு கை தானாக ஓடியது. எதையும் அரைகுறையாகச் செய்ய அவரால் முடியாது.

முடித்து விரித்துக் காட்டினார். அந்தத் தவிப்பிலும் முகத்தில் சின்னப் பெருமை.

"எங்கே மூட்டியிருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது, பாருங்க."

வடிவம்மை துணியைத் தடவிப் பார்த்தார்.

"ஓரத்துல ஒரு பச்சைக் கோடு ஓடுச்சே, அது எங்கே?"

"தையல்ல உள்ளே போயிடுச்சு."

"ஏன் உள்ளே விட்டீங்க?"

"கட்டம் சேரணும்னீங்களே. கொஞ்சம் உள்ளே விடாம எப்படி அம்மா சேரும்?"

"சரி. யாராவது வந்து, சபாபதி லுங்கியில பச்சைக் கோடு இருக்கான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

ஏகாம்பரத்தின் ஆடிக்கொண்டிருந்த கால் விரல்கள் நின்றன.

லுங்கியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து படத்தருகே போனார்.

ஒட்டிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. பழைய தாள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கியிருந்தன. மேற்குத் தாளிலிருந்து கிழக்குத் தாளுக்குச் சாய்வாக ஓடிய ரயில் பாதை, இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது சேரவில்லை. தாலுகாவுக்கே பெருமை அந்த ரயில். அது அறுந்து கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? கிழக்குத் தாளை மேற்குத் தாள்மேல் அரை அங்குலம் ஏற்றி ஒட்டினார். தண்டவாளம் அழகாகச் சேர்ந்தது. மற்றப் பாதைகள் கொஞ்சம் விலகின, அவற்றைப் பேனாவால் இழுத்துச் சரிசெய்தார். அன்று அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

படத்தில் அரை அங்குலம் என்றால் தரையில் அரை மைல். ஒட்டிய இடம் கூடலேரியின் மேற்குக் கரைமேலேயே போயிற்று.

வடிவம்மை ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் கொண்டுவந்து வைத்தார்.

ஏகாம்பரம் துணியை நனைத்து, ஏரி இருந்த இடத்தில் ஒட்டின ஓரத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். மைதாப் பசை மெல்ல இளகியது. நகத்தால் தூக்கினார். மேல்தாள் கொஞ்சம் எழும்பியது. அடியிலிருந்து ஏரியின் விட்டுப்போன வயிறு வெளியே வந்தது. அதன் கரையில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. குடிசைகளைக் காட்டப் போடும் புள்ளிகள். அவற்றை ஒட்டி ஏதோ பெயரின் முதல் எழுத்து பாதி தெரிந்தது. மீதிப் பெயர் உள்ளே ஒட்டிக் கிடந்தது.

"அம்மா, இருக்கு," என்றார். "இருந்திருக்காங்க. நான்தான் மேல ஒட்டிட்டேன்."

கன்னியப்பன் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வாசல்படிக்கு வந்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஏகாம்பரத்தின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கை நின்றுவிட்டது. பெயரை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஓரத்தை மேலிருந்து கீழ்வரை உரித்தாக வேண்டும். பழைய தாள் அதைத் தாங்காது. ஏகாம்பரம் கண்ணை உயர்த்திப் பார்த்தார். ஒரு சாண் மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ஒரு பிசகும் இல்லாமல் ரயில் பாதை ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல உரிச்சா ரயில் பாதை அறுந்துடும்மா," என்றார். "இனிமே சேரவே சேராது."

வடிவம்மை சொன்னார்:

"ரயில் உங்க படத்தைப் பார்த்தா ஓடுது?"